கிள்ளானுக்கு எத்தனை இடம்?



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரையே சான்றாகக் கொள்வோம். ‘கிள்ளான்’ என்பதில் எழுத்து நான்கு. மாத்திரையும் நான்கே: கி ஒன்று, ள் அரை, ளா இரண்டு, ன் அரை. கணினிக் கோப்பிலோ இப்பெயர் 24 பைட்டு கொள்கிறது. யூனிகோடு, கி என்பதைக் ககரமும் இகரக் குறியுமாகவும், ள் என்பதை ளகரமும் புள்ளியுமாகவும் பிரித்து வைக்கிறது. இவ்வாறு வரும் எட்டு அலகுகளும் யூடிஎப்-8 முறையில் தலைக்கு மூன்று பைட்டு பெறுகின்றன. தொல்காப்பியர் மெய்யை அரை மாத்திரைக்குள் அடக்கினார். இங்கோ ள என்பதைவிட ள் இருமடங்கு பெரிது!

டெனிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழி எழுத்தை அறியாது. பைட்டை மட்டுமே அறியும். சொல்லின் இறுதியை உணர்த்தச் சுழியம் ஒன்றையும் அது வைக்கிறது. ஆகவே கிள்ளானுக்கு வேண்டுவது 25.

பழைய திஸ்கி குறியேற்றத்தில் இப்பெயர் 6 பைட்டுக்குள் முடிந்தது. ஊர்ப்பெயருக்கு 20 பைட்டு ஒதுக்கிய அந்நாளைய நிரல் தாராளமாகவே ஒதுக்கியது எனலாம். கோப்பை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, நிரலை அப்படியே விட்டால் இடர் தொடங்கும். ஈப்போவுக்கு 16 போதும். சோதனையில் ஐயம் எழாது. கிள்ளான் வரும்போது ஐந்து பைட்டு அண்டை நினைவகத்தில் வழியும். நிரல் அங்கேயே நிற்கும் என்பதில்லை. நெடுநேரம் கழித்து, நினைவகத்தை விடுவிக்கும்போது நிற்கலாம். நின்ற வரியையே உற்றுநோக்கிக்கொண்டிருந்தால் பிழை அகப்படாது. ஓட்டத்தின்போது கேட்டுப் பெற்ற நினைவகமாயின் வால்கிரைண்ட் கருவி மீறிய இடத்தைச் சுட்டும். செயற்கூறினுள் அறிவித்த அணியாயின் அட்ரஸ் சானிடைசரை நாடுதல் வேண்டும்.

படிக்கும் அளவை 19 பைட்டு என வரையறுத்தல் பலரும் கூறும் தீர்வு. வழிதல் நிற்கும், மொழி சிதையும். 18 பைட்டில் ‘கிள்ளா’ முடிய, னகரத்தின் ஒரு பைட்டு அதனுடன் ஒட்டிக்கொள்ளும். எஞ்சிய ஐந்தும் அடுத்த ஊராகப் பதிவாகும். நினைவகத்துக்குக் குறையில்லையாதலால் மேற்கூறிய கருவிகள் இதனைக் காட்டா. நினைவகப் பிழையினும் இதுவே கொடிது என்போம். பட்டியலில் நுழைந்த ‘கிள்ளா’வைப் பின்னாளில் ஓர் ஆய்வாளர் வட்டார வழக்கெனவே கொள்ளவும் கூடும்.

வரியின் நீளத்துக்கேற்பத் தானே இடம் பெருக்கிக்கொள்ளும் ‘கெட்லைன்’ செயற்கூறு 2008ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரத்திலேயே இடம்பெற்றுவிட்டது. முழு வரியையும் அதனால் படித்து, வரிமுடிவுக் குறியை நீக்கி, பயன்படுத்திய இடத்தை இறுதியில் விடுவித்தல் வேண்டும். எழுத்தெண்ணுதல் அதன் பின்னர்ச் செய்யத்தக்க வேறு பணி. கோலாலம்பூர் 34 பைட்டு கேட்டாலும் அந்நிரல் தடுமாறாது.