இருபத்தொரு நாள்

கொடிய தொற்றுநோய் ஓர் ஊருக்குள் புகுந்தால் நோயாளியை எல்லோரும் அறிவர். அவர் அருகே இருந்து பணிசெய்தோரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் எபோலா முதலிய இரத்தப்போக்குக் காய்ச்சல்களில், ஊரின் நலம் இவர்களையே பொறுத்திருக்கின்றது. 2014ஆம் ஆண்டில் நைஜீரிய நாடு இதனை உலகுக்குக் காட்டிற்று.

அவ்வாண்டு யூலை 20ஆந் திகதி, லைபீரியாவிலிருந்து லாகொஸ் நகருக்கு விமானத்தில் வந்த ஒருவர் நோயுற்று வைத்தியசாலை சேர்ந்தார். முதலில் மலேரியா என்றே கருதப்பட்டது. டாக்டர் ஸ்டெல்லா அடாடெவோ, எபோலாவாக இருக்கலாமென ஐயுற்றார். வற்புறுத்தல்கள் வந்தபோதும் நோயாளியை வெளியே விட மறுத்தார். நகரைக் காத்த அவ்வம்மையார் அந்நோயாலேயே ஆகஸ்ட் 19ஆந் திகதி உயிர்நீத்தார்.

இதற்கிடையே தொடங்கியிருந்தது பெரும் பணி. நோயாளரைத் தொட்டோர், அவர் குருதியோ வாந்தியோ படநேர்ந்தோர், உடனிருந்தோர் ஆகியோரின் பெயர்கள் திரட்டப்பட்டன. மொத்தம் 894 பேர். கிருமி உடலிற் புகுந்தபின் நோய் வெளிப்பட 2 முதல் 21 நாள் வரை செல்லும். குறி தோன்றுமுன் அவர் பிறருக்கு நோயைக் கொடுப்பதில்லை. ஆதலால் எல்லோரையும் சிறைப்படுத்த வேண்டியதில்லை. நாள்தோறும் ஊழியர் வீடு சென்று உடற்சூட்டைப் பார்த்தனர்; காய்ச்சல் கண்டவரை உடனே பிரித்துச் சோதித்தனர். இவ்வாறு நிகழ்ந்த சந்திப்புகள் ஏறத்தாழ 18,500.

ஒருவர் இக்கண்காணிப்பினின்று நழுவிப் போர்ட் ஹார்கோர்ட் நகருக்குச் சென்றார். அங்கே மறைவாக அவருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர் நோயுற்று மாண்டார். நூற்றுக்கணக்கானோரை அந்நகரிலும் தேட நேர்ந்தது. ஒருவர் மறைந்ததன் விலை அது.

நோய் கண்டோர் 20 பேர். இறந்தோர் 8 பேர். ஒக்டோபர் 20ஆந் திகதி நைஜீரியாவில் எபோலா ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

சயர் வகை எபோலாவுக்கு இன்று தடுப்பூசி உண்டு. அதனையும் நோயாளரோடு பழகியோருக்கும், அவர்களோடு பழகியோருக்கும் வளையம்போல இடுகின்றனர். அவ்வளையத்தை வரைவதற்கும் மறைக்காது சொல்லப்பட்ட பெயர்களே வேண்டும்.

மக்கள் ஏன் மறைக்கின்றனர்? நோய்க்கு அஞ்சி மட்டுமன்று. அயலாரின் ஒதுக்குதலுக்கும் அஞ்சியே. நோயாளியின் தலையைத் தாங்கிய தாதியோ, வாய்க்கு நீரூட்டிய மகளோ குற்றவாளியல்லர். அவர்களை இகழ்கின்ற ஊர், அவர்களை ஒளியச் செய்கின்றது. உணவளித்து, நலம் விசாரித்து, இருபத்தொரு நாளும் உடன்நிற்கின்ற ஊரோ தன்னையே காத்துக்கொள்கின்றது.