மணமகளின் கையொப்பம்

புத்தளம் களப்பின் கரையோரத்து ஊரொன்றிலே நிக்காஹ் நடைபெறுகின்றது. மணமகன் கையொப்பமிடுகின்றான். பெண்ணின் வலீயாகிய தந்தையும், நடத்திவைத்தவரும் கையொப்பமிடுகின்றனர். மணமகளோ உள்ளறையில் இருக்கின்றாள். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, பதிவுக்கு அவள் கையொப்பம் வேண்டுமென விதிக்கவில்லை.

அவள் இசைந்தாளா? பல வீடுகளில் அன்போடு கேட்பதுண்டு. அதை மறுத்தல் தகாது. ஆனால், கேட்கப்படாத ஒருத்தி பின்னாளில் காதியார் முன் நின்று, "நான் சம்மதிக்கவில்லை" என்றால், அவள் காட்டத்தக்க ஏடு யாது? நாணத்தால் வந்த மௌனமும் அச்சத்தால் வந்த மௌனமும் வெளியே இருப்போர்க்கு ஒன்றுபோலவே தோன்றும்.

முறையிடுவது சமூகத்தைக் காட்டிக்கொடுப்பதாகும் என்பாரும் உளர். நேயர்களே, அன்னார் ஹன்ஸா பின்த் கிதாமின் வரலாற்றை நினைத்தல் நன்று. தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தாரென அவ்வம்மையார் நபிகளாரிடமே சென்று முறையிட்டார். அம்மணம் செல்லாதென்று தீர்க்கப்பட்டது. புகாரியின் ஹதீஸ் தொகுப்பிலே இது காணப்படுகின்றது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் இக்கரையிலே தஞ்சம் புகுந்தனர். ஓலைக் குடிசையில் வாழும் தந்தை, மகளை விரைவில் ஒருவன் கையிற் பிடித்துக் கொடுத்தாற் போதுமென்று எண்ணுவது வியப்பன்று. அவரைக் கொடியவரென்றல் எளிது, ஆனால் நீதியன்று. எனினும், அந்த அவசரத்தின் விலையைக் கொடுத்தவள் மகளே.

2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018 இல் அறிக்கை தந்தபோது, உறுப்பினர் இரு கூறாகப் பிரிந்து நின்றனர். இவ்வாண்டுகளில் புத்தளத்துப் பெண்களும் தம் குறைகளை வாய்திறந்து உரைத்தனர். அவர்கள் கேட்டவற்றுள் மிகச் சிறியது, படிவத்தில் மணமகளுக்கென ஒரு வரி இடம்.