வீட்டு வருவாயும் குழந்தைக் கல்வியும்

(கோடை மலைக் கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் தாய்மார்களும் வட்டக்கானலில் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நாம் ஆராய வேண்டிய பொருள் சிறியது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும் ஏட்டையும் தொடுவது. கைக்குழந்தையும், எழுத்தறியும் வயதுக் குழந்தையும் உள்ள தாய், வீட்டை விட்டு அகலாமல் சிறிது பொருள் ஈட்டுவது எப்படி? அப்படி ஈட்டும்போது குழந்தையின் படிப்புக்கு ஊறு நேராமல் காப்பது எப்படி? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே காணப்பட வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் காண முயன்றால் இரண்டும் கெடும்.

மலைநாட்டில் இப்பிரச்னைக்குத் தனித்தன்மை உண்டு. பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் பயிராகும் பருவத்தில் கூலி வேலை உண்டு; பருவம் கழிந்தால் இல்லை. பால்குடி மறவாக் குழந்தையை வைத்துக்கொண்டு, சரிவில் ஏறி இறங்கி, மழையிலும் மூடுபனியிலும் நாள் முழுதும் களை எடுப்பது எல்லாத் தாய்மார்களாலும் இயலாது. வட்டக்கானலிலோ, வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து தங்கிக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் சில குடும்பங்களையும் காண்கிறோம். அவர்களுக்கும் நம் உழவர் குடும்பங்களுக்கும் வாழ்க்கை முறை வேறு. ஆயினும் ஒரே நாளில் அன்னையாகவும் ஆசிரியையாகவும் சம்பாதிப்பவளாகவும் இருக்க வேண்டிய கஷ்டம் இருவருக்கும் பொது.

பழைய விவாதம், பயனுள்ள பாடம்

வீட்டுத் தொழிலையும் கல்வியையும் இணைப்பது பற்றி நம் நாடு முன்னரே ஆழ்ந்து சிந்தித்திருக்கிறது. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வழியாகவே குழந்தைக்குக் கல்வி புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். அக்கருத்தைப் பின்பற்றியே டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் நம் மாவட்டத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்கள்.

1953-இல் சென்னை மாநிலத்தில் வேறொரு திட்டம் வந்தது. கிராமப் பள்ளியின் நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டு, எஞ்சிய பொழுதில் குழந்தை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று பெயர் பெற்றுப் பெருங்கிளர்ச்சிக்கு இலக்காகி, 1954-இல் அது கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவரின் மகன் செருப்பே தைக்க வேண்டுமா, உழுபவரின் மகள் களையே பறிக்க வேண்டுமா என்று மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கொரு விதி கிடைக்கிறது. தொழில் குழந்தைக்குப் பாடமாகலாம். குழந்தை தொழிலுக்கு ஆளாகக் கூடாது. இன்று நாம் கூறப்போகும் யோசனைகள் யாவற்றையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 வயது முதல் 14 வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமையாகும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் உதவுவதை அது அனுமதிக்கிறது.

வீட்டிலிருந்தே செய்யத்தக்கவை

முதலாவது, பழப்பாகு. நம் மலையில் பேரிக்காயும் பிளம்ஸும் பருவத்தில் மலிந்து, விலை போகாமல் வீணாவதைக் காண்கிறோம். 45 பங்கு பழச்சதைக்கு 55 பங்கு சர்க்கரை என்ற அளவில் காய்ச்சி, கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலில் அடைத்தால் ஜாம் கெடாமல் இருக்கும். விற்பனைக்குச் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: கொதிக்கும் சர்க்கரைப் பாகு தண்ணீரைவிடக் கொடியது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். தவழும் குழந்தை உள்ள வீட்டில், குழந்தை உறங்கும்போதோ, பாட்டியோ தகப்பனாரோ பார்த்துக்கொள்ளும்போதோ மட்டுமே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, முயல் வளர்ப்பு. மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் நம் மன்னவனூரிலேயே உள்ளது. ஆடுகளோடு முயல்களும் அங்கு வளர்க்கப்படுகின்றன. குளிர் முயலுக்கு உகந்தது. தோட்டத்தில் கழியும் காரட் தழையும் பீன்ஸ் கொடியும் தீனியாகும். ஆனால் ஈரத்தோடு போட்டால் கழிச்சல் காணும், வாட்டிப் போட வேண்டும். சினையான முயல் சுமார் 31 நாளில் குட்டி ஈனும். நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து எண்ணி வருவது சிறு குழந்தைக்கு நல்ல கணக்குப் பாடமன்றோ!

மூன்றாவது, மலைப்பூண்டு. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டைத் தரம் பிரித்து, கட்டி, சிறு பைகளில் அடைப்பது உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலை. மூட்டையாக விற்பதைவிடத் தரம் பிரித்து விற்றால் கூடுதல் விலைக்கு இடமுண்டு.

நான்காவது, நாற்றங்கால். இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் வேரூன்றிய பாப் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் ஆகிய இருவரும் சோலை மரங்களின் விதைகளைத் திரட்டிக் கன்றுகளாக்கி வளர்த்தார்கள். 1985-இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புக் கழகமும் நாற்றங்கால் பணியில் ஈடுபட்டது. சோலை இருந்தால்தான் ஓடையில் நீர் உண்டு. வேலிக்குள் பத்தடி நிலமும் நிழலும் இருந்தால் கன்று வளர்க்கலாம். காட்டு விதையை எடுக்க மட்டும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

கம்பளி நூல் பின்னலும் தேனீ வளர்ப்பும் காளான் வளர்ப்பும் நீங்கள் அறிந்தவையே. தேன்பெட்டியின் வாயில் குழந்தைகள் விளையாடும் பக்கம் நோக்கலாகாது. சிப்பிக்காளான் உதிர்க்கும் நுண்துகள் மூச்சுக்கு ஆகாது. ஆகவே குழந்தை படுக்கும் அறையில் காளான் வைக்கலாகாது. வந்தோர்க்கு அறை வாடகைக்கு விடுவோர் முறைப்படி பதிவு செய்யட்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரம் தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்நியர் அறைக்குத் தனி வாசல் இருப்பது நலம்.

உழைப்புக்கும் கணக்கு உண்டு

வீட்டுத் தொழிலில் நாம் அடிக்கடி காணும் குறை, தாயின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமை. ஓர் உதாரணம் கூறுவோம். பத்து பாட்டில் ஜாம் செய்ய, பழம் 90 ரூபாய், சர்க்கரை 80 ரூபாய், பாட்டிலும் மூடியும் 150 ரூபாய், எரிவாயு 60 ரூபாய், பெயர்ச்சீட்டு 40 ரூபாய், ஆக 420 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். பாட்டில் 70 ரூபாய்க்கு விற்றால் வரவு 700, மிச்சம் 280. நான்கு மணி நேர உழைப்பானால் மணிக்கு 70 ரூபாய். இரண்டு பாட்டில் விற்காமல் நின்றால் மிச்சம் 140. மணிக்கு 35 ரூபாய்தான். இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே தொழிலைத் தேர்ந்தெடுங்கள். நான்காம் வகுப்புக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். வரவு, செலவு, பெருக்கல், வகுத்தல் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன.

ஆனால் பாட்டிலைக் கழுவக் குழந்தையை அனுப்பிவிட்டு, அதையே படிப்பு என்று சொல்லாதீர்கள். குறிப்பாகப் பெண்குழந்தையைப் பற்றிச் சொல்கிறோம். தாய் வேலையில் இருக்க, தம்பியை இடுப்பில் சுமக்க மூத்தவள் பாடத்தை விடுவாளானால், அந்த வருவாய் அவள் எதிர்காலத்திலிருந்து வாங்கிய கடனாகும். வட்டியோடு அதைக் கட்டுபவளும் அவளே.

பாட வேளை

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன; ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்நாட்களில் வீடே பள்ளியாயிற்று. கற்றலில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் சுமார் இருபது குழந்தைகளுக்கு மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தம் குழந்தையையும் அவ்வகுப்பிலேயே அமர்த்திக் கற்பித்த தாய்மாரும் இருந்தனர். படித்த தாய்க்குக் கற்பித்தலே ஒரு தொழிலாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த அனுபவம் காட்டுவது என்ன? சிறு குழந்தைக்கு நாள் முழுதும் பாடம் வேண்டியதில்லை. குறித்த வேளையில் தவறாத பாடம் வேண்டும். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று வகுத்துக்கொண்டு, அவ்வேளையில் வியாபாரி வாசலில் நின்றாலும் காத்திருக்கச் சொல்லுங்கள். பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கு இது துணைப்பாடம். வீட்டிலேயே முழுக்கக் கற்பிப்போர், 1989-இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை அறிந்திருக்க வேண்டும். 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு நிகரான நிலைகள் அதில் உண்டு. சான்றில்லாத கல்வி பின்னாளில் பிள்ளையைத் தடுமாறவைக்கும். எனினும், நடந்து செல்லும் தொலைவில் பள்ளி இருக்குமானால், நம் உழவர் குடும்பங்களுக்கு அதுவே முதல் இடம் என்பதே நம் கருத்து. அங்கே ஆசிரியரும் காலை உணவும் மதிய உணவும் தோழர்களும் கிடைக்கிறார்கள். தாய்க்கும் சில மணி நேரம் கிடைக்கிறது.

கூடிச் செய்வோம்

தனி வீடாக உழைப்பவர் தரகருக்கு எளிய இரை. 1959 மார்ச் 15-ஆம் நாள் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் லிஜ்ஜத் என்ற பெருநிறுவனமாயிற்று. மாவைக் காலையில் பெற்றுச் சென்று வீட்டில் அப்பளம் இட்டுத் திரும்பத் தருவது அங்கே முறை. உறுப்பினர் எல்லோரும் உடைமையாளர். 1972-இல் இலா பட் அம்மையார் அகமதாபாத்தில் தோற்றுவித்த சேவா சங்கம், வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களைத் திரட்டியதோடு, குழந்தைக் காப்பகங்களையும் நடத்தியது. கூலி பேசவும் சங்கம் வேண்டும். குழந்தையைப் பார்க்கவும் சங்கம் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நமக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உள்ளன. ஆறு தாய்மார் சேர்ந்தால், நாளுக்கு ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, ஐவர் நிம்மதியாக வேலை செய்யலாம். கைக்காசு செலவில்லாத ஏற்பாடு இது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். அங்கன்வாடி குறித்த நேரத்தில் திறக்கிறதா என்று நேரில் பாருங்கள்; அது மூடியிருந்தால் இங்கே நாம் பேசிய தொழில் ஒன்றும் நடவாது. மழைக்காலத்தில் ஒதுங்கிச் செய்யவும் மாலையில் குழந்தைகள் படிக்கவும் சமுதாயக் கூடத்தில் விளக்குடன் இடம் கொடுங்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை பள்ளிக்கும் போகாமல் பாடமும் இல்லாமல் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்து, கூட்டந்தோறும் படியுங்கள்.

உழவர் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வேலையில் பாதியைத் தாங்களும் ஏற்றால்தான் மனைவி ஈட்டுவது கூடுதல் வருவாய். இல்லையேல் அது கூடுதல் சுமையே.

வீட்டுக்கு நாலு காசு வரட்டும். அந்தக் காசை எண்ணத் தெரிந்த குழந்தையும் அதே வீட்டில் வளரட்டும். அதற்கு வேண்டிய ஆலோசனையை எங்கள் அலுவலகத்தில் எப்போதும் கேட்டுப் பெறலாம் என்று கூறி விடைபெறுகிறோம்.