சமத்துவபுரத்தின் சாவி யாரிடம்?



ஆய்வுப் படிப்புக்காகத் திருச்சிக்கு வந்த புதிதில் திருவரங்கத்தில் வாடகை வீடு தேடினேன். 'டு-லெட்' பலகையின் கீழே 'சைவம் மட்டும்' என்று எழுதியிருந்தது. வீட்டில் கறி சமைக்க மாட்டேன் என்றேன். அடுத்த கேள்வி வந்தது: "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னேன். "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டார் தம்பி" என்றார். இரண்டு வாரம் கழித்துப் போனபோதும் அந்தப் பலகை அங்கேயேதான் தொங்கியது.

இதை ஒரு வீட்டுக்காரரின் மனக்கோளாறு என்று விட்டுவிட முடியாது. 1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. மகாராஜாவின் அரசில் வேலை இருந்தது. தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள்.

அன்று தடி செய்த வேலையை இன்று துணைவிதி செய்கிறது. அகமதாபாத்தின் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், தங்கள் சமூகத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, கூட்டுறவுச் சட்டம் அப்படியொரு விதியைத் தடுக்கவில்லை என்பது அதன் வாதம். அப்படியானால் தடுக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றலாம் அல்லவா? நம் முதல் கோரிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு நேர் எதிரான முயற்சி தமிழ்நாட்டில் நடந்தது. தென்மாவட்டச் சாதி மோதல்களுக்குப் பின், 1997இல் கலைஞர் அரசு பெரியார் நினைவு சமத்துவபுரத்தை அறிவித்தது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் குடியிருப்பு திறக்கப்பட்டது. 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. ஊரும் சேரியும் இல்லாத ஒரு தெருவை அரசே போட்டுக் காட்டியது பெரிய காரியம். அதைக் கேலி செய்வோரோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்த விகிதம் வீடு ஒதுக்குவதற்கு. குடியேறிய பிறகு? சமுதாயக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும்? தண்ணீர் மோட்டார் கெட்டால் யார் முடிவெடுப்பார்? பிள்ளைகள் காதலித்தால், வீடு கைமாறினால், பழைய சாதிப் பஞ்சாயத்து உள்ளே நுழைந்தால் யார் தடுப்பார்? ஆட்சி மாறியதும் திட்டம் கிடப்பில் போனது. கூரை ஒழுகிய பழைய வீடுகளைச் சீரமைக்க மீண்டும் ஆட்சி மாற வேண்டியிருந்தது. குடியிருப்போர் கையில் அதிகாரமும் நிதியும் இருந்திருந்தால் இந்தக் காத்திருப்பு ஏன்?

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை கட்டினால், அரசும் அதற்கு இணையான தொகை தருகிறது. அதைச் சமத்துவபுரங்களுக்கும் கொண்டு வாருங்கள் என்கிறேன். கூடவே இரண்டு சேர்க்க வேண்டும். சங்கத் தலைமை சுழற்சி முறையில் ஆதிதிராவிடருக்கும் பெண்களுக்கும் வர வேண்டும். முதியோர் உதவித்தொகை, பட்டா, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் என்று மனு எழுதித் தரவும் அலுவலகம் ஏறி இறங்கவும் சம்பளம் பெறும் ஒரு பணியாளர் அங்கேயே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சாதியானாலும், ஒரே மனுவில் கையெழுத்துப் போடும்போதுதான் அண்டைவீட்டார் ஆகிறார்.

தோழர்களே, ஒதுக்கி வைப்பவர்களிடம் சங்கம் இருக்கிறது, துணைவிதி இருக்கிறது, செயலாளர் இருக்கிறார். சேர்ந்து வாழ வந்தவர்களிடம் நுழைவாயில் வளைவும் பெரியார் சிலையும் மட்டுமே இருந்தால் போதுமா? இந்தத் திருவரங்கத்திலேயே 2006இல் பெரியார் சிலையை உடைத்தார்கள், மீண்டும் நிறுவினோம். சிலையைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, அவர் பெயரில் கட்டிய வீடுகளின் நிர்வாகத்தையும் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

ஜெய்பீம்.