குளிர் மாதங்களில் தேனீக்களுக்கு ஆகாரம்

(ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியபோதிலும், ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் பூக்கும் மரங்கள் இன்னும் இருக்கின்றன. தேனீ வளர்ப்பு இப்பகுதியார்க்கு ஏற்ற உபதொழிலே. ஆயினும் ஐப்பசியில் ஈ நிறைந்திருந்த பெட்டி, தை பிறக்கும்போது காலியாய்க் கிடப்பதுண்டு. ஈக்கள் ஓடிப்போயின என்று சொல்லிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அவை ஓடியதற்குக் காரணங்கள் பலவாயினும், ஆகாரக் குறைவு அவற்றுள் முதன்மையானது.

இவ்வூர்களில் குளிர் ஏது என்று சிலர் கேட்கலாம். மார்கழி இரவில் உஷ்ணம் சுமார் 20 டிகிரி செண்டிகிரேடுக்கு இறங்குகிறது. மனிதனுக்கு அப்போது ஒரு போர்வை போதும். தேனீக் குஞ்சுகள் வளரும் அடையோ ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி வரை இருக்கவேண்டும். ஈக்கள் நெருங்கிக் கூடி, சிறகை அசைக்காமலே பறத்தற்குரிய தசைகளை நடுங்கச் செய்து அவ்வுஷ்ணத்தை உண்டாக்குகின்றன. இந்த அடுப்புக்குத் தேனே விறகு. அடைமழையில் ஈக்கள் வெளியே செல்ல இயலாது. சேமித்த தேனையும் வளர்ப்பவர் முற்றிலும் எடுத்துவிட்டால், அடுப்பு அணைவதில் வியப்பென்ன?

ஆகாரத்தால் பூச்சிகளின் குளிர் தாங்கும் சக்தி மாறுமா என்பதை விஞ்ஞானிகளும் ஆராய்ந்துள்ளனர். செக் நாட்டில் விளாடிமிர் கோஷ்டாலும் அவருடைய துணைவர்களும் பழ ஈயின் புழுக்களைக் குளிருக்குப் பழக்கி, புரோலின் என்னும் புரதக் கூறு கலந்த ஆகாரத்தையும் அளித்தனர். அப்புழுக்களில் சில, உடல் நீரில் ஏறக்குறையப் பாதி உறைந்த பின்னும் பிழைத்து ஈக்களாயின என்று 2012-ல் வெளியிட்டனர். ஆனால் இதைக் கேட்டு எவரும் கடைச் சரக்கை வாங்கிப் பெட்டியில் ஊற்றலாகாது. தேனீ உறைந்து பிழைக்கும் ஜீவன் அன்று. கூடி உஷ்ணம் உண்டாக்கிப் பிழைக்கும் ஜீவன். மேலும், அந்தப் புரோலின் தேனிலேயே இயற்கையாக அமைந்திருக்கிறது.

ஆகவே முதல் விதி, புழு அறையிலுள்ள தேனைத் தொடாதிருத்தல். அது குறைந்தால், பெட்டி ஒன்றுக்கு வாரந்தோறும் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையைச் சம அளவு நீரில் கரைத்து ஆறவைத்துக் கொடுக்கலாம். வெல்லம் ஆகாது, ஈக்களுக்குக் கழிச்சல் உண்டாகும். கொட்டாங்கச்சியில் பாகை ஊற்றி, ஈக்கள் மூழ்காதபடி சில குச்சிகளை மிதக்கவிட வேண்டும். மாலையில் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே சமயத்தில் வைக்க வேண்டும். இல்லையேல் ஒரு பெட்டி ஈக்கள் மற்றொன்றைக் கொள்ளையிடும். எறும்பு ஏறாதபடி தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது அவசியம். சர்க்கரை உஷ்ணத்தை மட்டுமே தரும். குஞ்சு வளர்க்கப் புரதம் வேண்டும். மகரந்தம் கிடைக்காத நாட்களில் கொழுப்பு நீக்கிய சோயா மாவை ஓரளவு பதிலாகக் கொடுப்பதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூக்காலம் தொடங்கியதும் பாகை அறவே நிறுத்திய பின்பே தேன் அறையை ஏற்ற வேண்டும். பாகு ஈயின் வயிற்றுக்கு உரியது. விற்கும் புட்டிக்கு உரியதன்று. தேனின் தரத்தைச் சோதிப்போர் அதிலுள்ள புரோலின் அளவையும் பார்க்கின்றனர். சர்க்கரையை அடையில் ஏற்றித் தேனென்று விற்பவரை அது காட்டிக்கொடுக்கக்கூடும்.

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் 1937-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பலருடைய தேன் ஒரே பெயரில் விலைபோகும் இடத்தில், ஒருவர் செய்யும் கலப்படம் அனைவர் பிழைப்பையும் கெடுக்கும். ஒருவர் காக்கும் நாணயம் அனைவர்க்கும் லாபமாகும். ஆகவே ஒவ்வோர் அங்கத்தினரும் ஐப்பசிக்கு முன்பே தம் பெட்டியைத் திறந்து, ஈக்களுக்கு எவ்வளவு தேன் மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பாராக. அந்தக் கணக்கு சரியாயிருந்தால், மாசி, பங்குனியில் சங்கத்தின் கணக்கும் சரியாயிருக்கும்.