விங்கரின் முழங்கால்

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து நேரே வருகிறேன், சுருக்கமாகவே பேசுகிறேன்.

மைக்கேல் சூசைராஜ், குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறைக்காரர். இடது விங்கில் பறப்பார். 2017-18 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்கு ஆடி, சிறந்த நடுக்கள வீரர் விருது வாங்கினார். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். கோப்பை. அதே நவம்பர் 20-ல், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. சீசனே போச்சு!

விங்கருக்கு முழங்கால்தான் மூலதனம். முழு வேகத்தில் வந்து ஊன்றிய காலிலேயே திரும்பும்போது, முறுக்கு விசையை அங்குள்ள தசைநார்தான் தாங்கணும். நம்ம ஷாஃப்ட் உடைந்தால் வேறு மாட்டலாம்.

மெஷினில் அடிபட்ட தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கு. நம் கல்லூரி அணிப் பையனுக்கு? இவ்வாண்டே சங்கம் காப்பீடு எடுத்துத் தர வேண்டுமென முன்மொழிகிறேன். முதல் ரசீதை என் பெயரில் போடுங்க.