அழைத்தது யார், அனுப்பியது யார்?

(வடக்குப்பட்டில் நடந்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'திருச்சபைக்குக் கடவுள் கொடுத்த பணி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் போதகர் இல்லை. கவிதை எழுதுகிறவன். சோத்துக்கு வங்கியில் கிளார்க் வேலை. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று இதெல்லாம் பார்க்கிற வேலை. ஆகையால் இந்தத் தலைப்பையும் ஒரு பத்திரம் பார்க்கிற மாதிரிதான் பார்க்கப் போகிறேன். எழுதிக் கொடுத்தது யார்? யாருக்காக எழுதியது? இன்றைக்கு அது யார் அனுபவத்தில் இருக்குது?

எந்தச் சபையைக் கேட்டாலும் 'நாங்கள் அனுப்பப்பட்டவர்கள்' என்றுதான் சொல்வார்கள். மிஷன் என்கிற சொல்லுக்கே அனுப்புதல் என்றுதான் பொருள். அதனால் சபை சொல்லுகிற வரலாறு எப்பவும் கப்பலில் இருந்து ஆரம்பிக்கும். 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்று தொடங்கும். கடவுள் அங்கே இருந்து அனுப்பினார், நாம் இங்கே உட்கார்ந்து வாங்கிக்கொண்டோம் என்பதுதான் கதை.

ஆனா சேரிகள் கூட்டம் கூட்டமாகச் சபைக்குள் போன வரலாற்றைப் பாருங்க. கதை தலைகீழா இருக்கு. தெற்கே மயிலாடியில் இருந்து மகாராசன் என்கிற சாம்பவர் தஞ்சாவூர் வரைக்கும் போய், கிறிஸ்தவத்தைக் கேட்டு, வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். அவர் கேட்டுக்கொண்ட பிறகுதான் ரிங்கல்தௌபே என்கிற மிஷனரி 1806-ல் அங்கே போனார். 1866-ல் ஒங்கோல் பக்கத்து மாதிகா பெரையா தானாகத் தேடிப்போய்க் கேட்டவர். 1873-ல் சியால்கோட்டில் தோல் வியாபாரம் பண்ணின சூரா சாதிக்காரர் தித், மிஷனரியே எதிர்பார்க்காத நேரத்தில் போய் ஞானஸ்நானம் கேட்டவர். அதற்குப் பிறகு தன் வீட்டாரை, உறவுக்காரரை அழைத்து வந்தவரும் அவர்தான். இந்த மூன்று பேரையும் யாரும் அனுப்பவில்லை. இவர்கள்தான் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் பின்னாடி வந்தார்.

பைபிளிலும் வரிசை இப்படித்தான் இருக்கு. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரல் முதலில் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் மோசே அனுப்பப்படுகிறார். கூக்குரல் இல்லாவிட்டால் அனுப்புதலே இல்லை. 1952-ல் ஜெர்மனியின் வில்லிங்கன் நகரில் கூடிய உலக மிஷன் மாநாட்டையொட்டி, 'பணி சபையினுடையது அல்ல, கடவுளுடையது. சபை அதில் பங்கெடுக்கிறது, அவ்வளவுதான்' என்கிற இறையியல் வலுப்பெற்றது. நல்லது. கடவுளுடைய பணி எங்கே நடக்கிறது என்று கேட்டால், கூக்குரல் எங்கே எழும்புகிறதோ அங்கே என்று நாம் சேர்த்துச் சொல்லணும்.

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் எல்லாம் அதில் அடக்கம். இங்கே மிராசு முறை. ஊர் நிலம் மட்டுமல்ல, தரிசும் மிராசுதாரர் பிடியில். பறையர் ஒருவர் தரிசு கேட்டுத் தர்காஸ்து மனு போட்டால், 'எங்களுக்குத்தான் முன்னுரிமை' என்று மிராசுதாரர் மறித்துவிடுவார். குடிசை போட்ட மனையும் அவருடையது என்பார். எதிர்த்துப் பேசினால் மனையை விட்டு வெளியேற்றுவார். படியாளாகக் கட்டுப்பட்டவனுக்குப் போக வேறு இடம் கிடையாது. இதை வெறும் வறுமை என்று சொல்லக்கூடாது. அடிமைத்தனத்தை நிலத்தில் ஆணியடித்து வைத்திருந்த முறை இது.

1890களில் இங்கே வேலை செய்த இரண்டு மிஷனரிகள் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்து சுயாதீன சபையைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ. கௌடி திருவள்ளூர் பக்கம் ஈக்காட்டில், ஆண்ட்ரூ செங்கல்பட்டில். ஆத்துமாவைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் சேரி ஜனங்கள் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். மனையைப் பற்றிப் பேசினார்கள். கேட்கக் கேட்க இவர்கள் அரசாங்கத்துக்கு எழுத ஆரம்பித்தார்கள். சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம், ஆண்ட்ரூ நம் ஜனங்களைக் குடியேற்றின ஊர்தான்.

அதே காலத்தில் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்கள் நிலைமை பற்றி 1891-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கு நாம் சொல்லுகிற உரிமைக்கு வேர் அங்கேதான். ஆனா டிரெமன்ஹீர் கொடுத்தார், மிஷனரி வாங்கிக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் மறுபடியும் கப்பல் கதைதான். 1891-ல் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைக் கூட்டிக் கோரிக்கைகளை வைத்துவிட்டார். இதே ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கிவிட்டார். நம் ஆட்கள் வாய்மூடி உட்கார்ந்திருந்த காலமல்ல அது.

அப்போதே ஒரு பழி கிளம்பியது. 'இவன்கள் சோத்துக்காக, நிலத்துக்காக மதம் மாறுகிறவன்கள்' என்று. இன்றைக்கும் சொல்றாங்க. சபைக்குள்ளேயே சில பெரியவர்கள் வெட்கத்தோடு ஒத்துக்கொள்வதும் உண்டு. எதுக்கு வெட்கம்? மனையும் நிலமும் கேட்பது ஆன்மிகம் இல்லை என்று யார் தீர்ப்புச் சொன்னது? மனை உள்ளவன் சொன்னது! இயேசு நாசரேத் ஜெப ஆலயத்தில் தன் பணி என்ன என்று அறிவிக்கிறபோது ஏழைகளை, சிறைப்பட்டவர்களை, நொறுக்கப்பட்டவர்களைச் சொல்லி, ஆண்டவருக்கு உகந்த ஆண்டு என்று முடிக்கிறார். அந்த ஆண்டு எது? லேவியராகமம் சொல்லுகிற ஐம்பதாவது ஆண்டின் நினைவு அதில் இருக்கு. அடிமை விடுதலையாகி, கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்புகிற ஆண்டு. ஆக, சபை தன் பணிக்கு ஆதாரமாகக் காட்டுகிற பத்திரத்திலேயே நில மீட்பு எழுதியிருக்கு. வேறு தலைப்பில் தேட வேண்டியதில்லை.

மிஷனரிகளைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒரே ஸ்காட்லாந்து மிஷன் ஒரு கையால் மெல்ரோசாபுரம் கட்டியது. இன்னொரு கையால் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை நடத்தியது. வில்லியம் மில்லர் காலத்தில் அந்தக் கல்லூரியின் கணக்கு, உயர்சாதிப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தால் அந்தச் செல்வாக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்கும் என்பது. மேலே ஊற்றினது கீழே வந்து சேர்ந்ததா என்பது உங்களுக்கே தெரியும். பாபாசாகேப் அம்பேத்கர் மிஷன்கள் பற்றி எழுதியபோது இதைத்தான் கடுமையாகக் கேட்டார்.

1937-ல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு மாறியது. 1938 டிசம்பரில் உலக மிஷன் மாநாடு அங்கே கூடியது. இங்கே இருந்து பஸ்ஸில் போய்ச் சேர்கிற தூரம். பல நாடுகளில் இருந்து 400-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். இந்து மதம் போன்ற பிற மதங்களைக் கிறிஸ்தவம் எப்படி அணுகணும் என்பது அங்கே சூடான விவாதம். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், 1935 அக்டோபரில், அம்பேத்கர் இயோலாவில் 'இந்துவாகச் சாகமாட்டேன்' என்று அறிவித்திருந்தார். ஒரு மதத்தின் தத்துவத்தோடு எப்படி உரையாடுவது என்பது அறிஞர்கள் கேள்வி. அந்த மதத்தின் சாதியில் இருந்து எப்படி வெளியேறுவது என்பது நம்முடைய கேள்வி. இரண்டாவது கேள்வி இறையியலாக மாற 1980கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அரவிந்த் நிர்மல் தலித் இறையியல் என்று பேர் சொல்லி ஆரம்பித்தார். மதுரை அரசரடியில் தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சட்டம். 1950 ஆகஸ்டு 10 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி அல்ல என்றது. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. 1985-ல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறின பிறகும் அதே சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஆதரித்துத் தீர்மானம் போட்டது.

ஆதாரம் எங்கே என்ற கேள்விக்குச் சபை என்ன பதில் சொல்லும்? தனிக் கல்லறை, தனித் தேர்த்தெரு, ஆயர் பதவியில் சாதிக் கணக்கு இதையெல்லாம் ஒத்துக்கொண்டால்தான் ஆதாரம். டெல்லியில் உரிமை கேட்க ஊர்வலம் போகிற சபை, தன் வளாகத்துக்குள் 'இங்கே சாதி கிடையாது' என்று சொன்னால் வழக்கு நிற்குமா? 2008-ல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதிக் கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் வலுவூட்டல் கொள்கை ஆவணம் வெளியிட்டது. அதில் சாதிப் பாகுபாடு பாவம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் ஒத்துக்கொண்டதைக் கல்லறையில் எப்போ ஒத்துக்கொள்வீர்கள் என்பதுதான் மிச்சம்.

இதனால் நம் பிள்ளைகளுக்கு என்ன நடக்குது? கோயிலில் ஒரு பேரு, சர்டிபிகேட்டில் ஒரு பேரு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளு, திங்கட்கிழமை ஒரு ஆளு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்று காட்டி, எஸ்.சி. சான்றிதழ் மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கடவுள் பேர் சொல்லி அழைத்தார் என்று எழுதி வைத்த பதிவேடு, அரசாங்கத்தின் கையில் போனால் உரிமையைப் பறிக்கிற பதிவேடாக மாறுகிறது.

ஆனா அதே பதிவேட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. கைமாறின நிலத்தை மீட்கப் போனால் அதிகாரி கேட்பது, உன் பாட்டன் இந்தச் சேரியில் இருந்தான் என்பதற்கு என்ன காகிதம் என்று. நம்மிடம் காகிதம் ஏது? மிஷன் வேலை நடந்த பழைய சேரிகளில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பேர், தகப்பன் பேர், ஊர், வருஷம். வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லாதது சபையின் அலமாரியில் இருக்கலாம். அதைத் திறந்தால் பாட்டன் இருந்தது நிரூபணமாகும். அதே நிமிஷம், 'நீ கிறிஸ்தவன், நீ பி.சி., உனக்கு ஏது பஞ்சமி நிலம்' என்று கேட்கவும் வழி பிறக்கும். சாட்சி சொன்னால் நிலமும் போகலாம், சொல்லாவிட்டால் பாட்டனும் போய்விடுவான். 1950 ஆணை நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிற இடம் இது. அந்த ஆணையை உடைக்கிற வேலையும் நிலத்தை மீட்கிற வேலையும் வேறு வேறு வேலை இல்லை என்பது இதனால்தான்.

1994 அக்டோபர் 10-ஐ இங்கே நினைக்காமல் பேச முடியாது. காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். ஒரு பேர் பைபிளில் இருந்து வந்தது, ஒரு பேர் திருப்பதி மலையில் இருந்து வந்தது. குண்டு இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆணைதான் பிரித்துப் பார்க்குது.

இந்த வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டினதை நீங்கள் பார்த்திருப்பீங்க. பழங்காலக் கற்கருவிகள் கிடைத்தன. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று மண்ணைக் கேட்கிறார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்பதற்கு மண்வெட்டி தேவையில்லை, அ-பதிவேடு போதும். ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் எங்கும் ஆலைகள் வந்துவிட்டன. நிலம் எடுத்தால் நஷ்டஈடு பட்டா யார் பேரில் இருக்கோ அவருக்கு. அந்த நிலத்தில் நாத்து நட்டவளுக்கு ஆலையில் துடைக்கிற வேலை, அதுவும் காண்டிராக்டில். 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பாதையில் எத்தனை ஆலயங்களில் அவர்களுக்காக ஜெபம் நடந்தது? நீங்களே விசாரித்துப் பாருங்க.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னார் என்கிறார்கள். மந்திரம் கீழே இறங்கிச்சு, நிலம் இறங்கலே. ஞானஸ்நானமும் அப்படியே முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

செய்ய வேண்டியது என்ன? சபையிடம் மூன்று கேட்கிறோம். முதலாவது, பழைய பதிவேடுகளையும் மிஷன் காகிதங்களையும் பத்திரப்படுத்தி, யாருடைய பேர் அதில் இருக்கோ அந்தக் குடும்பங்களின் சம்மதத்தோடு மட்டும், அவர்கள் கையில் நகல் கொடுக்கணும். அரசாங்கத்துக்கு நேராகப் போகக் கூடாது. இரண்டாவது, சபைக்கு இருக்கிற சொத்துக் கணக்கை வருஷா வருஷம் சபையார் முன்னால் வைக்கணும். அதில் பஞ்சமி வகை நிலம் கலந்திருந்தால் முதலில் சபைதான் திருப்பித் தரணும். மூன்றாவது, 1950 ஆணைக்கு எதிரான போராட்டத்தில் தன் வளாகத்துச் சாதியைத் தானே சாட்சியாக எழுதிக் கொடுக்கணும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் அ-பதிவேட்டையும், 1980களில் நடந்த யு.டி.ஆருக்கு முந்தின நிலப் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்து சர்வே நம்பர் நம்பராகப் பாருங்க. எந்த நம்பரில் பேர் மாறியிருக்கோ அதை நோட்டில் எழுதுங்க. அதற்கு மேல் வில்லங்கம் போட்டுப் பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கிறேன். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

ஜெய்பீம்.